பின்னறைச் சுவரின் கண்ணாடிப் பட்டை

"டக்!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டின் நடுவே, பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. யாரோ ஒரு டம்ளரை நகத்தால் சுண்டியது போலத்தான் கேட்டது. ஆனாலும் ஃபிரேம்காரரின் கை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது.

"கேட்டியா?" என்றார் மனைவியிடம்.

"கேக்காம என்ன? எனக்கென்ன காது அடைச்சிருக்கா?"

"கண்ணாடிதான். இருபத்தெட்டு வருஷமா கண்ணாடியோட குடித்தனம் நடத்துறேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப இருபத்திரண்டு வருஷமா என்கூட நடத்துறதுக்குப் பேரு என்ன?"

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. எச்சில் கையோடு பின்னறைக்கு ஓடினார். முதலிலேயே சாப்பிட்டு எழுந்து போயிருந்த அவருடைய அக்கா, கையில் பௌடர் டப்பாவோடு சுவர் ஓரமாக நின்றிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த கண்ணாடிப் பட்டை நடுவில் நொறுங்கி, ஒரு முனை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பௌடர் போட்டுக்கலாம்னு வந்தேன்டா. அது பாட்டுக்கு உடைஞ்சிடுச்சு," என்றார் அக்கா.

ஃபிரேம்காரர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். விரல் நீளக் கண்ணாடி உடைந்ததற்கு இவ்வளவு கலக்கமா என்று கேட்பவர்கள், பன்னிரண்டு நாள் முன்னால் இன்ஜினியர் வந்துபோன கதையைக் கேட்டாக வேண்டும்.

வீடு பழையது. ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, பிற்பாடு யாரோ ஒட்டுப்போட்ட ஒரு பின்னறை. அவ்வளவுதான். சமையலறைக் கூரையிலிருந்து கொட்டாங்கச்சி அளவு காரை பெயர்ந்து கொதிக்கிற பாலில் விழுந்த அன்று, "ஒண்ணு வீட்டைச் சரி பண்ணுங்க, இல்லே ஹெல்மெட் வாங்கிக் குடுங்க" என்று மனைவி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் இன்ஜினியர் வந்தார்.

முப்பது வயதைத் தாண்டாத பெண். தோளில் ஒரு பை. அதிலிருந்து மரச்சுத்தியல், டார்ச், டேப், கோடு கோடாகப் போட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை, கடைசியாக ஒரு கோலிக்குண்டு எல்லாம் வந்தன. கோலியை ஹாலின் நடுவில் வைத்துக் கையை எடுத்தார். அது ஒரு நொடி யோசித்துவிட்டு விறுவிறுவென்று உருண்டு செருப்பு அலமாரிக்கு அடியில் போய் மறைந்தது.

"ஹால் இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு சார்."

"ஓஹோ!" என்றார் மனைவி. "அதான் எந்தப் பொருள் காணாமப் போனாலும் அங்கேயே போய்க் கிடக்குதா? இவர்கூட ஆபீஸ் பக்கமே சாயாம எப்பவும் அந்த மூலையிலயே உக்காந்திருப்பாரு."

"எனக்கு ஏது ஆபீஸு? கடைதானே!"

"பாத்தீங்களா மேடம், அங்கேயும் சாயறதில்லே."

அடுத்து இன்ஜினியர் சுவர்களைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவர் எங்கும் படங்கள். அது ஆச்சரியமில்லை. வீட்டுக்காரர் கடைத்தெருவில் படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவர். படங்கள் மாட்டியிருந்த இடம்தான் ஆச்சரியம். நீர்வீழ்ச்சி முழங்கால் உயரத்தில் கொட்டியது. இரண்டு அன்னங்கள் சமையலறைத் தொட்டிக்குக் கீழே நீந்தின. கல்யாண போட்டோ கதவுக்குப் பின்னால், கூரையை ஒட்டி, தலைகுனிந்து தொங்கியது.

இன்ஜினியர் நீர்வீழ்ச்சியைக் கழற்றினார். பின்னால் ஈரம் ஊறி, சுவர் நிஜமாகவே கசிந்துகொண்டிருந்தது. அன்னங்களைக் கழற்றினார். குழாய்க்காக உடைத்து மூடாமல் விட்ட ஓட்டை. கல்யாண போட்டோவைத் தூக்கினார். மூடியில்லாத சுவிட்ச் பெட்டியிலிருந்து நாலைந்து ஒயர்கள் எட்டிப் பார்த்தன.

"ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி ஒரு வியாதி இருக்கு சார்," என்றார் இன்ஜினியர்.

"மத்த வீட்ல எல்லாம் சிமெண்ட் பூசுவாங்க. எங்க வீட்ல ஃபிரேம் போடுவாங்க," என்றார் மனைவி. "என் கல்யாண போட்டோ அங்கே ஏன் போச்சுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

ஃபிரேம்காரர் கோலியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

இருபத்து மூன்று படங்களும் இறங்கின. இன்ஜினியர் அறை அறையாகச் சுத்தியலால் தட்டினார். தட்டிய இடத்தில் காதை வைத்துக் கேட்டார். மூக்கை வைத்து மோந்தார். "சில ஈரம் கண்ணுக்குத் தெரியாது. வாசனைதான் காட்டிக் குடுக்கும்" என்றார். அக்கா அவர் பின்னாலேயே போனார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். சுவரில் காதை வைத்து நின்ற பெண்ணைப் பார்த்ததும் பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"என்னம்மா, லைன் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஆனா உள்ளே காலியா இருக்கும்மா," என்று சிரித்தார் இன்ஜினியர்.

பின்னறை அக்காவுடையது. அங்கே ஐந்து படங்கள் படிக்கட்டு மாதிரி ஏறுவரிசையில் மாட்டியிருந்தன. ஐந்தையும் எடுத்ததும், ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் மின்னல்போல் ஓடியது. இன்ஜினியரின் சிரிப்பு நின்றது. பிளாஸ்டிக் அட்டையை வைத்து அகலத்தை அளந்து எழுதிக்கொண்டார்.

"இந்த அறை மத்த வீட்டோட சேத்துக் கட்டினதில்லே. பிற்பாடு ஒட்டவச்சது. இந்த விரிசல் பழசாகித் தூங்குதுன்னா, கம்பி வச்சுத் தைச்சுப் பூசிடலாம். இன்னும் முழிச்சிருக்குன்னா அறையை இடிச்சே ஆகணும். இடிச்சா மறுபடி கட்ட முடியாது. காம்பவுண்டை ஒட்டிக் கட்டக் கூடாதுன்னு இப்ப விதி வந்திடுச்சு."

"தூங்குதா முழிச்சிருக்கான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அக்கா.

"குறுக்கால கண்ணாடி ஒட்டிட்டுப் போறேன். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. சுவர் ஒரு முடி அளவு அசைஞ்சாலும் உடைஞ்சிடும். நாற்பத்தஞ்சு நாள் முழுசா இருந்தா அறைக்கு ஆபத்தில்லே."

"உடைஞ்சா கண்டிப்பா இடிச்சிடணுமா? வேற வழியே கிடையாதா?"

"கிடையாதும்மா."

அக்காவின் கண் பளபளத்தது. அதை ஃபிரேம்காரர் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் கண்ணும் பளபளத்தது.

காரணம் இருக்கிறது. அவருக்கு ஒன்பது வயதில் அம்மா அப்பா இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். பத்தொன்பது வயது அக்கா எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து, அவரைப் படிக்கவைத்து, படிப்பு ஏறாதபோது தொழில் பழகவைத்து, கல்யாணமும் பண்ணிவைத்தார். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. அந்தப் பின்னறை மட்டும்தான். அதையும் இடித்துவிட்டு, இந்த வயதில் அக்காவை ஹாலில் பாய் போட்டுப் படுக்கச் சொல்வதா? இல்லை, வேறு யார் வீட்டிலாவது கொண்டுபோய் விடுவதா? நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கும். வேறு விஷயம் என்றாலும் கலங்கும். சோப்பு விளம்பரத்தில் குழந்தை ஸ்கூலுக்குக் கிளம்பினால்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற ஆசாமி அவர்.

கண்ணாடி அவர் கடையிலிருந்தே வந்தது. இன்ஜினியர் கேட்ட அளவில் மூன்று பட்டைகள் வெட்டிக் கொடுத்தார். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று. இரு முனையிலும் வெள்ளை பிளாஸ்டர் அப்பி, பேனாவால் தேதி கிறுக்கி, "யாரும் தொடாதீங்க. உடைஞ்சா எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் போனார்.

அந்தக் கண்ணாடிதான் பன்னிரண்டாவது நாள் இப்படி உடைந்து தொங்கியது.

"அந்தப் பொண்ணுக்கு போன் போடு," என்றார் அக்கா.

"சும்மா இரு அக்கா. நான் வேற கண்ணாடி ஒட்டிடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"ஏன்டா பொய் சொல்லணும்? உள்ளதை உள்ளபடி சொல்லு. இடிக்கணும்னா இடிச்சிட்டுப் போகட்டும். எனக்கென்ன? ரெண்டாம் நம்பர் வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

ரெண்டாம் நம்பர் என்பது அக்காவின் தோழி. எக்ஸ்சேஞ்சில் இரண்டாவது நாற்காலி. அக்கா மூன்றாவது. முப்பது வருஷம் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ஓய்வு பெற்ற பிறகும் ஒருவரையொருவர் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கு. பால்கனி இருக்கு. கேரம்போர்டுகூட வாங்கி வச்சிருக்கா," என்றார் அக்கா.

ஃபிரேம்காரர் கதவுக்கு வெளியே வந்து மனைவியின் தோளைப் பிடித்தார். "பாத்தியா? மனசுக்குள்ள அழுதுக்கிட்டு வெளியே கேரம்போர்டுன்னு சொல்றா. எல்லாம் எனக்காக."

"அண்ணி முகத்தைப் பாத்தா அழற மாதிரி தெரியலையே."

"உனக்கு என்ன தெரியும்? அது அவ குணம்."

அன்று சாயங்காலமே புதுக் கண்ணாடி ஒட்டியாகிவிட்டது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஒட்டுடா," என்றார். ஏனோ அதில் சுரத்தே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பின்னறையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஃபிரேம்காரர் காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். மனைவி துடைப்பத்தோடு அந்த அறைக்குள் போனால் வழக்கத்தைவிட நேரமாகிறது. அக்கா போனில் யாருடனோ தணிந்த குரலில் பேசுகிறார். "கொஞ்சம் பொறு ரெண்டாம் நம்பர். நான் மட்டும் என்ன பண்ணட்டும்? ஒட்டிக்கிட்டே இருக்கானே!" என்பது ஒருநாள் ஃபிரேம்காரர் காதில் விழுந்தது. தன்மேல் அக்கா வைத்திருக்கும் பாசத்தைப் பற்றித்தான் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, கடைக்குப் போகிற வழியெல்லாம் மூக்கை உறிஞ்சினார்.

இன்னொரு நாள் கட்டிலுக்கு அடியில் புதுப் பெட்டி ஒன்றைப் பார்த்தார். சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டி. திறந்தால், அடுக்கிவைத்த புடவைகள், மேலே கேரம் பலகையில் தூவுகிற பௌடர். மூடிவிட்டு மனைவியிடம் ஓடினார்.

"பெட்டி கட்டி வச்சிட்டாடீ! எப்ப இடிப்பாங்களோன்னு தயாரா உக்காந்திருக்கா. என்னால தாங்க முடியலே."

மனைவிக்கும் தாங்கவில்லை. அவருக்கு வேறு கவலை. அக்கா இந்த வீட்டை விட்டுப் போனால் சொந்தபந்தம் என்ன பேசும்? சுவர் துரத்தியது என்றா பேசும்? தம்பி பெண்டாட்டி துரத்தினாள் என்றுதான் பேசும். போதாததற்கு, காலையில் யாருடன் சண்டை போட்டு நாளைத் துவக்குவது? காபியில் சர்க்கரை அதிகம் என்று சொல்ல அண்ணி இல்லாவிட்டால், சர்க்கரை போடுவதில்தான் என்ன சுவாரஸ்யம்?

நாற்பத்தைந்தாவது நாள் இன்ஜினியர் வந்தார்.

ஹால் கண்ணாடி முழுசாக இருந்தது. மேலே ஒன்றரை மாதத் தூசி. சமையலறைக் கண்ணாடி முழுசாக இருந்தது. மேலே தூசியோடு எண்ணெய்ப் பிசுக்கு. பின்னறைக்கு வந்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. பளபளவென்று, முகம் பார்க்கலாம் போல.

ஃபிரேம்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். மனைவி முந்தானையைத் திருகினார். அக்கா கட்டிலில், சிவப்புப் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளியபடி உட்கார்ந்திருந்தார்.

இன்ஜினியர் கண்ணாடியின் விளிம்பில் விரலை ஓட்டினார்.

"சார், அன்னிக்கு நீங்க வெட்டிக் குடுத்தது கையைக் கிழிக்கிற மாதிரி இருந்துச்சு. இதோ என் விரல்ல தழும்பு. இது வழவழன்னு இருக்கே?"

ஃபிரேம்காரருக்கு வியர்த்தது. கண்ணாடி வெட்டினால் விளிம்பைக் கல்லில் தேய்ப்பது இருபத்தெட்டு வருஷப் பழக்கம். அன்றைக்கு அவசரத்தில் விட்டவர், திருட்டு வேலையைச் சாவகாசமாக, சுத்தமாகச் செய்திருக்கிறார்.

"தேதியும் நான் எழுதினதில்லே. நான் கிறுக்கினேன். இது அச்சடிச்ச மாதிரி இருக்கு. சுத்தி ஒரு பார்டர் வேற போட்டிருக்கு."

"ஒரு தடவை உடைஞ்சுது மேடம்," என்று சரணடைந்தார் ஃபிரேம்காரர். "இல்லே, ரெண்டு தடவை. முதல்ல ஞாயித்துக்கிழமை. அப்புறம் போன செவ்வாய்க்கிழமை, அக்கா வெளியே போனப்ப பாத்தேன். ரெண்டு தடவையும் நான்தான் ஒட்டினேன்."

"மூணு தடவை," என்றார் மனைவி சன்னமாக.

"என்னது?"

"நடுவுல ஒரு தடவை உடைஞ்சுது. பெருக்கும்போது பாத்தேன். நீங்க பாத்தா உடைஞ்சு போயிடுவீங்கன்னு நானே கடையிலேர்ந்து துண்டு எடுத்துட்டு வந்து ஒட்டிட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க செவ்வாய்க்கிழமைக் கதையை எங்கிட்ட சொன்னீங்களா?"

இன்ஜினியர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சுவர் மேல் பாய்வதா, இவர்கள் மேல் பாய்வதா என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும். "உடைஞ்ச துண்டெல்லாம் எங்கே?"

அது இருந்தது. கண்ணாடித் தொழில் பார்க்கிற வீட்டில் கண்ணாடியைக் குப்பையில் போடமாட்டார்கள். அள்ளுகிறவர் கையைக் கிழித்துவிடும். பழைய பிஸ்கட் டின்னில் மூன்று காகிதப் பொட்டலங்கள் வந்தன. இன்ஜினியர் மேஜையில் துண்டுகளை அடுக்கினார். பிறகு கோடு போட்ட அட்டையை எடுத்து விரிசலை மூன்று இடத்தில் அளந்தார். பழைய குறிப்பைப் பார்த்தார். மறுபடி அளந்தார். அட்டையைப் பைக்குள் வைத்தார்.

"சார், இந்தச் சுவர் ஒரு முடி அளவுகூட அசையலே. நல்லாத் தூங்குது. தைச்சுப் பூசினாப் போதும். அறைக்கு ஒண்ணும் இல்லே."

"அக்கா!" என்று கத்தினார் ஃபிரேம்காரர். கண்ணீர் தயாராக நின்றது, வழிந்தது. "கேட்டியா அக்கா! நீ எங்கேயும் போக வேண்டாம்! சாகிற வரைக்கும் இங்கேயேதான்!"

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "நல்லா அளந்தியாம்மா? இன்னொரு தடவை வேணா அளந்து பாரேன்," என்றார் இன்ஜினியரிடம்.

"ரெண்டு தடவை அளந்துட்டேன்மா. ஆனா ஒண்ணு. சுவர் இழுத்து உடைஞ்சா கண்ணாடி விரிசல் மேல நேராத் துண்டாகும். இதெல்லாம் நடுவுல நட்சத்திரம் மாதிரி நொறுங்கியிருக்கு பாருங்க. மூணும் அப்படித்தான். யாரோ தட்டி உடைச்சிருக்காங்க."

ஃபிரேம்காரர் கண்ணைத் துடைத்தார். மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"என்னை ஏன் பாக்கறீங்க?"

"அந்த ரூமை கிச்சனா மாத்தினா வெளிச்சமா இருக்கும்னு சொன்னது யாரு?"

"அது கல்யாணமான புதுசுல! இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னதை இப்பவா தூக்கிட்டு வருவீங்க? உடைக்கிறவ எதுக்குங்க ஒட்டணும்?"

"அதான் எனக்கும் புரியலே! உடைக்கவும் செஞ்சு ஒட்டவும் செஞ்சிருக்கே!"

இன்ஜினியர் இதற்குள் ஒரு துண்டை எடுத்துப் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோயிருந்தார். இன்னொரு துண்டையும் மோந்தார். "விசித்திரமா இருக்கே. மூணுலயும் பௌடர் வாசனை வருது."

"பௌடரா? நான் பௌடர் போடறதே இல்லே!" என்றார் மனைவி, வழக்கில் ஜெயித்தவர் போல.

ஃபிரேம்காரர் விடவில்லை. "அப்ப அக்காவோட பௌடர் டப்பாவை நீ எதுக்குடீ எடுத்தே? பெத்த தாய் மாதிரி வளத்தவ அவ. அவளை இந்த வீட்டை விட்டு அனுப்ப, அவ டப்பாவையே எடுத்து..."    எதற்கும் சளைக்காத மனைவியின் முந்தானை முதல் தடவையாகக் கண்ணுக்குப் போனது.

அக்கா எழுந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து சிவப்புப் பெட்டியைச் சக்கரம் கடகடக்க வெளியே இழுத்து நிறுத்தினார்.

"அவளை ஏன்டா திட்டறே, உடைச்சது நான்தான்டா! ரெண்டாம் நம்பர் வீட்டுக்குப் போறேன்னு நான் சொன்னா நீ அழுது ஊரைக் கூட்டுவே, சுவர் சொன்னாலாவது கேப்பேன்னு பாத்தா, அதோட வாயையும் மூணு தடவை கண்ணாடி போட்டு மூடிட்டீங்களேடா!"